அப்புவுக்கு ஒரு முற்றம்

சென்ற மார்கழியில் எமக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. புதிய தவணையில் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலையொன்றிற் கடமையேற்க வேண்டும் என்பது அதன் சாரம். வன்னிப் பிள்ளைகளுக்குப் போதிய ஆசிரியர் இல்லையென்று மேடைதோறும் பேசிவந்த நாம், அக்கடிதத்தைக் கண்டு முகஞ்சுளிக்க உரிமையற்றவர்கள். மனமுவந்தே கையொப்பமிட்டோம். அன்று மாலை வீடு திரும்பியபோது, விறாந்தைப் படியிற் படுத்திருந்த கிழநாய் தலையைச் சற்றே உயர்த்தி, வாலை இருமுறை தரையில் அடித்தது. எமது கடமைக்கு இன்னொரு பக்கமும் உண்டென்பது அப்போதுதான் உறைத்தது.

அந்நாய் எம்மிடம் வந்த கதையைச் சொல்லவேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றது. எரிபொருளுக்கு ஒரு வரிசை. எரிவாயுவுக்கு ஒரு வரிசை. கடவுச்சீட்டுக்கு இன்னொரு வரிசை. அந்நாள்களில் எமது ஒழுங்கையிலும் ஒரு வீடு பூட்டப்பட்டது. குடும்பம் கடல்கடந்து போயிற்று. நாய் மட்டும் படலைக்கு வெளியே இருந்தது. மூன்று கிழமைகள் அது அவ்விடத்தை விட்டு அசையவில்லை. பின்னர் ஒருநாள் மோட்டார் சைக்கிளொன்று மோதிப் பின்னங்கால் நொண்டக் கிடந்ததைக் கண்டு, தூக்கிச் சென்று மருந்து கட்டுவித்தோம். பற்களின் தேய்வைப் பார்த்த மிருக வைத்தியர், வயது எட்டளவில் இருக்கலாம் என்றார். முகவாய் நரைத்திருந்தமையால் எம் மாணவர்கள் அதற்கு 'அப்பு' என்று பெயரிட்டனர். பழைய பெயர் எதுவென்று அறியோம்.

வன்னிக்கு அதனையும் கொண்டுபோவதே நியாயம் என்று எவரும் சொல்வர். நாமும் முயன்றோம். அங்கே எமக்குக் கிடைத்தது நான்கு ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் ஓர் அறை. நாய் கூடாதென்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. வேறு வீடு எடுத்துத் தனித்திருக்க எமது சம்பளம் இடந்தரவில்லை. அப்புவுக்கோ மூட்டு வாதம். படியேறவே தயங்கும் உடல். ஆகவே, வேறொரு வீடு தேட முற்பட்டோம்.

முதலில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் சென்றோம். உயர்ந்த மதில், பெரிய வளவு. "பல்லுத் தேஞ்ச நாய் காவலுக்கு உதவுமே, மாஸ்ரர்? ஒரு நல்ல சாதிக் குட்டியெண்டால் சொல்லுங்கோ" என்றார். நாயிலும் சாதி பார்க்கும் எமது ஊரின் நுட்பத்தை வியந்தபடி வெளியே வந்தோம்.

அடுத்து, பிள்ளைகள் நால்வரையும் புலம்பெயர அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதிய தம்பதியரிடம் போனோம். அவர்களுக்குத் துணையாக இருக்கும் என்பது எமது எண்ணம். அம்மையார் அப்புவின் தலையைத் தடவினார். பின்பு, "எங்களையே ஆர் பாக்கப் போகினம் எண்டு தெரியேல்லை. இதை நாங்கள் எப்பிடித் தம்பி ஏற்கிறது?" என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

சக ஆசிரியர் ஒருவர் சுலபமான வழி சொன்னார். "சந்தையடியிலை விட்டால், மீன்தலை பொறுக்கிச் சீவிச்சுப்போடும்." கட்டாக்காலி நாய்கள் எல்லாம் இவ்வாறுதானே உண்டாகின்றன? தெருவில் தானாக முளைத்த பிராணிபோல அவற்றைக் கருதுகிறோம். ஒவ்வொன்றின் பின்னாலும், அல்லது அதன் தாயின் பின்னாலும், யாரோ ஒருவர் சாத்திய படலை இருக்கின்றது. 1893 இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய விசர்நாய்க்கடிச் சட்டம், உரிமையாளரின்றித் திரியும் நாய்களைக் கொல்ல இடமளித்தது. நெடுங்காலம் அவ்வழியே நடந்தோம். 1973 இல் மட்டும் இத்தீவில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். அத்தொகை பின்னர் பெரிதும் குறைந்தமைக்கு ஊர்தோறும் நாய்களுக்கு ஏற்றிய தடுப்பூசியும், கடியுண்டோருக்கு உரிய வேளையிற் கிடைத்த மருத்துவமுமே முதற் காரணங்கள். 2006 இல் நாய்களைக் கொல்லும் வழக்கம் அரசின் கொள்கையளவில் கைவிடப்பட்டது. கொல்லக்கூடாது என்று அரசு சொல்லலாம். கைவிடக்கூடாது என்று எமக்கு நாமே அன்றோ சொல்லிக்கொள்ள வேண்டும்?

சந்தையடி என்ற சொல் வேறொரு காரணத்தாலும் எம்மைச் சுட்டது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அப்போது எமக்கு ஏழு வயது. புறப்படுமுன் எமது தந்தையார் வீட்டு நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டார். மழையில், ஒழுங்கை முடக்கு வரை அது எம்முடன் வந்தது. அப்பால் சனநெரிசலில் அதைக் காணவில்லை. ஆறு மாதங்களின் பின் திரும்பியபோது சங்கிலி மட்டுமே மாமரத்தடியிற் கிடந்தது. அன்று எம்மைத் துரத்தியது போர். இன்று எம்மைத் துரத்துவோர் எவருமில்லை. பேருந்துக்குச் சீட்டும், பெட்டி கட்ட ஒரு மாத அவகாசமும் உண்டு. அன்றைய மன்னிப்பை இன்று நாம் கேட்க முடியாது.

பாரதத்தின் இறுதியில் நாயை விட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்று நின்ற தருமனை மாணவர்க்கு உயர்த்திப் பேசுவது எமது வழக்கம். அந்நாள்களில் அக்கதையை மீண்டும் எண்ணினோம். வழியில் மனைவியும் தம்பியரும் ஒவ்வொருவராக வீழ்ந்தபோது அவன் நின்று பார்க்கவில்லை என்பதும் அக்கதையிலேயே உள்ளது. நாயிடம் நீதிமானாக இருப்பவன் மனிதரிடமும் அவ்வாறே இருந்துவிடுவான் என்று சொல்வதற்கில்லை. இவ்வுண்மை எம்மையே சுட்டப் போகிறது என்பதை அப்போது நாம் உணரவில்லை.

தவணை முடிய ஒரு கிழமை இருக்கையில், பாடசாலை வாயிலிற் கச்சான் விற்கும் ஆச்சி எம்மை மறித்தார்.

"சேர், அப்புவுக்கு இடம் தேடுறியளாம். என்னை ஏன் கேக்கேல்லை?"

என்ன சொல்வதென்று திகைத்தோம். ஆச்சியே தொடர்ந்தார். "அந்த வீட்டுக்காரர் போன மூண்டு கிழமையும் அதுக்கு ஆர் சோறு வைச்சதெண்டு நினைச்சனீங்கள்? வீட்டுக்காரர் திரும்பி வருவினம் எண்டுதான் நான் கொண்டு போகாமல் விட்டனான். பிறகு நீங்கள் கொண்டு போட்டியள்."

மூன்று கிழமை ஒரு பிராணி எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்று நாம் ஒருபோதும் சிந்தித்திருக்கவில்லை. அதனைக் காத்தவர்கள் நாமே என்ற பெருமிதம் அந்தச் சிந்தனைக்கு இடங்கொடுக்கவில்லை.

ஆச்சியை ஏன் கேட்கவில்லை? அவர் வாழ்வது பாடசாலையின் பின்வேலிக்கு அப்பால், எமது ஊரார் பெயர் சொல்லாமல் 'அந்தப் பகுதி' என்று மட்டும் சுட்டும் குடியிருப்பில். 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிராகப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பற்றியும், பொலிஸாரின் தடியடியைப் பற்றியும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களைப் பற்றியும் ஆண்டுதோறும் உரையாற்றுபவர்கள் நாம். இப்பாடசாலையிற் கற்பித்த ஆறு ஆண்டுகளில் அந்த ஒழுங்கைக்குள் ஒருமுறையேனும் கால்வைத்தோமா? இல்லை. வீடு தேடி ஏறியிறங்கிய படலைகளை எண்ணிப் பார்த்தோம்; பதினொன்று. பதினொன்றும் மதில்வைத்த வீடுகள். எவரும் எம்மைத் தடுக்கவில்லை. எமது கால்களுக்கே அந்த வழி தோன்றவில்லை.

மறுநாள் காலை அப்புவை அழைத்துக்கொண்டு சென்றோம். வயது முதிர்ந்த நாயைச் சட்டென்று இடம் மாற்றலாகாது என்பது வைத்தியர் தந்த அறிவுரை. முதல்நாள் ஒரு மணி நேரம், மறுநாள் மதியம் வரை, பின்னர் ஓரிரவு. அது படுத்துப் பழகிய சாக்கையும் தின்னும் தட்டையும், கழுவாமல், அதே மணத்தோடு கொண்டுபோனோம். கண்ணில் நீலப்புகைபோற் படர்ந்திருப்பது முதுமையின் மங்கல்; அதனாற் பார்வை முற்றாகப் போய்விடாது என்றும், ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி தவறக்கூடாதென்றும் சொல்லி அட்டையைக் கொடுத்தோம். ஆச்சி தாமாகவே, "சீமெந்துத் தரை குளிரும், மூட்டுக்கு ஆகாது" என்று சொல்லி, மணலில் இரண்டு சாக்கு விரித்தார். அது எமக்குத் தோன்றாத வைத்தியம்.

மாதந்தோறும் செலவுக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னோம். ஆச்சி யோசித்துவிட்டு, "மருந்துக் காசு தாங்கோ. சோத்துக் காசு வேண்டாம். நான் தின்னுறதிலை அதுவும் தின்னும்" என்றார். எமது ஈகைக்கு எல்லை வகுத்த அச்சொல்லை மதித்து ஏற்றுக்கொண்டோம்.

கடைசி நாள், புறப்படும் வேளையில், ஆச்சி உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"குடிப்பியளோ, சேர்?"

அக்கேள்வியை ஆச்சி குற்றமாகக் கேட்கவில்லை. அறுபது எழுபது ஆண்டுப் பழக்கமே கேட்டது. வாங்கிக் குடித்தோம். குடித்ததைப் பெருமையாகச் சொல்ல ஏதுமில்லை. ஒரு மனிதர் தேநீர் கொடுப்பதற்கு முன் இவ்வாறு கேட்க நேர்கிறது என்பதும், அதற்கு மறுமொழி சொல்ல ஒரு கிழநாய் எம்மை அழைத்துவர வேண்டியிருந்தது என்பதும் வெட்கத்துக்குரியன.

எழுந்து நடந்தோம். அப்பு பின்தொடரும் என்று அஞ்சினோம். அது எழுந்து கிடுகுவேலி வரை வந்தது. எமது கையை முகர்ந்தது. பின் திரும்பிச் சென்று ஆச்சியின் காலடியிற் படுத்துக்கொண்டது. எமக்குச் சிறிது வலித்தது. ஆயினும் நிம்மதி அதனினும் பெரிதாயிருந்தது.

இப்போது விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதெல்லாம் அந்த ஒழுங்கைக்குப் போகிறோம். மருந்துக் காசு கொடுக்கிறோம், தேநீர் குடிக்கிறோம். ஆச்சி இப்போது, குடிப்பியளோ என்று கேட்பதில்லை. சீனி போதுமோ என்று கேட்கிறார்.