ஒரே தூரம், வேற நேரம்

சென்னையில யார்கிட்டயாவது "மதுரை எவ்வளவு தூரம்?"னு கேட்டுப் பாருங்க. கிலோமீட்டர்ல பதில் வராது. "பஸ்ல எட்டு மணி நேரம்"னுதான் வரும். இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது யூனிட் மாறிப்போன பதில் மாதிரி இருக்கும். ஆனா விமானப் பாதைகளைப் பற்றிக் கொஞ்சம் படிச்சதுக்கு அப்புறம், அந்தப் பதில்தான் சரின்னு எனக்குத் தோணுது.

ஃபின்லாந்தின் ஹெல்சின்கி, ஜப்பானின் டோக்கியோ. இந்த ரெண்டு ஏர்போர்ட்டையும் எடுத்துக்குங்க. அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. இவ்வளவு தெரிஞ்சா போதும். ஹாவர்சைன் ஃபார்முலாவுல போட்டா சுமார் 7,800 கி.மீ. வரும். பத்து வரி பைத்தான் கோட், அவ்வளவுதான். மணிக்கு 900 கி.மீ. வேகம்னு வச்சா எட்டே முக்கால் மணி நேரம். ஏறுறது இறங்குறது எல்லாம் சேர்த்தா ஒன்பதரை. 2022 தொடக்கம் வரைக்கும் ஃபின்னேர் விமானம் கிட்டத்தட்ட அந்த நேரத்துலதான் போய்ச் சேர்ந்தது.

அதுக்கப்புறம் அதே பயணம் சுமார் 13 மணி நேரமாச்சு. பூமி பெருசாகல, விமானமும் மெதுவாகல. ஒரு உலக உருண்டையில இந்த ரெண்டு ஊருக்கும் நூல் பிடிச்சுப் பாருங்க. நூல் பெரும்பாலும் ரஷ்யா மேலதான் போகும். 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் தொடங்கினதும், ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருத்தருக்கொருத்தர் வான்வெளியை மூடிட்டாங்க. அதனால ஒண்ணு வட துருவம் வழியா அலாஸ்கா பக்கமா சுத்தணும், இல்லன்னா தெற்கே மத்திய ஆசியா, சீனா வழியா சுத்தணும்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது பழைய கதை. பனிப்போர் காலத்துல ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போன பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜ்ல இறங்கி எரிபொருள் நிரப்பிட்டுத்தான் கிளம்பும். காரணம், சைபீரியா மேல பறக்க சோவியத் அனுமதி கிடைக்கல. 1983-ல ஃபின்னேர் ஒரு டி.சி.-10 விமானத்தை எங்கயும் நிறுத்தாம, வட துருவம் வழியா டோக்கியோவுக்கு ஓட்டினாங்க. அப்பவும் சுமார் 13 மணி நேரம்தான். அப்புறம் சைபீரியப் பாதை திறந்தது, நேரம் குறைஞ்சது. மறுபடி மூடினாங்க, நேரம் 1983-க்கே திரும்பிடுச்சு. நடுவுல 40 வருஷமா இன்ஜின், இறக்கை, எடைன்னு எத்தனையோ பேர் உழைச்சிருக்காங்க. அவ்வளவையும் ஒரு மூடின எல்லை சாப்பிட்டுடுச்சு.

இது எங்கயோ நடக்கிற விஷயமும் இல்ல. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடினப்போ, டெல்லியிலிருந்து மேற்கே போற விமானங்களும் சுத்திப் போக வேண்டியதாச்சு.

ஃபைனல் இயர்ல நம்மள்ல நிறைய பேர் எம்.எஸ்.க்கு அப்ளை பண்றோம். நான் பார்க்கிறது ஜெர்மனி. அம்மா ஃபீஸ் பத்திக் கேட்கல, ரேங்கிங் பத்தியும் கேட்கல. "ஏதாவது ஒண்ணுன்னா எத்தனை மணி நேரத்துல வீட்டுக்கு வருவ?"ன்னுதான் கேட்டாங்க. தூரம் கேட்டிருந்தா சுலபம். சென்னை–ஃபிராங்ஃபர்ட் சுமார் 7,600 கி.மீ. "ஃப்ளைட் இப்போதைக்கு பத்து மணி நேரம்மா"ன்னு சொன்னேன்.

"அது என்ன இப்போதைக்கு?"ன்னாங்க. மேல எழுதியிருக்கிற எல்லாத்தையும் முதல்ல அம்மாகிட்டதான் சொன்னேன்.