வாக்குக்குக் கட்டுப்பட்ட பேய்கள்

பேய்க்கதை எழுதுகிறவன் மேடையேறிக் கதையின் கட்டமைப்பைப் பற்றியோ நடையின் லட்சணங்களைப் பற்றியோ பேசத் தொடங்கி, முதல் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், சபையின் ஏதேனும் ஒரு மூலையிலிருந்து, "பேய் உண்டா இல்லையா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அண்மையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நான் கலந்துகொண்ட வாசகர் கூட்டங்களிலும் அது தவறாமல் எழுந்தது. கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அக்கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் கதை எழுதும் தொழிலுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதையும், அச்சம் பிறக்கும் இடமே வேறு என்பதையும் அவர்களிடம் நிதானமாகச் சொல்லவே விரும்புகிறேன்.

இந்தத் துறையில் மேடையும் எழுத்தும் ஒருங்கே வாய்த்தவர் என்று நம் காலத்தில் ஒருவரைச் சுட்ட வேண்டுமானால், மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பர் 10ஆம் தேதி மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனைத்தான் சுட்ட வேண்டும். அவருடைய 'விட்டுவிடு கருப்பா' நாவல், நாகாவின் இயக்கத்தில் 'விடாது கருப்பு' என்ற பெயருடன் தொலைக்காட்சித் தொடராக வந்த தொண்ணூறுகளின் பிற்பகுதியில், குதிரையின் குளம்பொலி கேட்டால் வாசற்கதவைச் சாத்திக்கொண்ட குழந்தைகள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். ஆன்மிகப் பிரசங்கம் செய்த அதே மனிதர் மர்மக்கதையும் எழுதியதைச் சிலர் முரண்பாடாகக் கருதினார்கள். எனக்கு அவ்வாறு தோன்றியதில்லை. காவல் தெய்வத்தின் முன்னால் ஊரார் செய்துகொண்ட பிரமாணமும், அதை மீறியவனுக்கு நேரும் கதியும் அந்த நாவலின் உயிர்நாடி. அரிவாளும் குதிரையும் அதற்குப் பின்னால் வருகிற அலங்காரங்கள்.

அச்சம் பிறப்பது கொடுத்த வாக்கிலிருந்துதான் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று ஒன்று எங்கள் மலைத்தொடரின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசியன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னிதியில் நூற்றெட்டுப் போர்வைகள் சாத்தப்படும் இரவில் வாசிக்கப்படுகிற கைசிக புராணத்தைப் பக்தியுடன் கேட்பவர்கள் பலர். அதைப் பேய்க்கதையின் இலக்கணமாகவும் கேட்கலாமென்பது என் அபிப்பிராயம். திருக்குறுங்குடி மலையில் வாழும் பாணர் குலத்து நம்பாடுவான், பெருமாளைப் பாடித் துயிலெழுப்பப் போகும் வழியில், பசியோடு காத்திருக்கும் பிரம்மராட்சசனிடம் அகப்பட்டுக்கொள்கிறான். பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன் என்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டுச் சத்தியங்களைச் செய்து, கடைசிச் சத்தியத்தின் கனத்தினால் விடுதலை பெற்றுச் செல்கிறான். பிரம்மராட்சசன் எதிர்ப்படும்போது நம் நெஞ்சு துணுக்குறுவது உண்மைதான். ஆயினும் பாடி முடித்தவன், தடுப்பார் சொல்லையும் தள்ளிவிட்டு, ஓட்டமும் நடையுமாக அந்த இருளை நோக்கித் திரும்புகிறானே, அந்தக் கட்டத்தில் உண்டாகிற நடுக்கத்துக்கு அது ஈடாகாது. தன் காலாலேயே பேயிடம் திரும்பிச் செல்பவனை எது செலுத்துகிறது? அவன் கொடுத்த வாக்கு. முடிவில் ராட்சசனே பசியை மறந்து, பாட்டின் பலனைக் கொடு என்று கெஞ்சுகிறான்.

இந்த இலக்கணத்தை நான் கோயிலிலிருந்து பஞ்சாலைக்குக் கொண்டுபோக முயன்றிருக்கிறேன். 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவிய நாள்தொட்டு, இவ்வூரின் இரவு நூற்பாலைகளின் இரவாகவே இருந்துவருகிறது. சங்கு ஊதியதும் தூக்குவாளியுடன் புறப்படுகிறவர்களும், புருவத்தில் பஞ்சுத் தூசியோடு விடியலில் திரும்புகிறவர்களும் இல்லாத தெரு இங்கே அபூர்வம். வரவிருக்கும் என் தொகுதியின் முதற்கதை அவர்களில் இருவரைப் பற்றியது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியில் வேலை பார்க்கும் ஒருவன், "மாப்ளே, நீ தைரியமாப் பூக்குழி எறங்கிட்டு வா, உன் சைடை நான் பாத்துக்கிறேன்" என்று கூட்டாளிக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் மாலை வேலைக்கு வரும் வழியில் சாலையில் அடிபட்டு இறந்துபோகிறான். அன்றிரவும் கூட்டாளியின் பொறுப்பிலிருந்த இயந்திர வரிசையான அந்த சைடு ஓடுகிறது. அறுந்த இழைகள் ஒழுங்காகப் பிணைக்கப்படுகின்றன.

ஆலையின் இரைச்சலில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது. கைச்சாடையும் உதட்டசைவுமே அங்கே சம்பாஷணை. துட்டிச் செய்தி அறியாத பக்கத்து சைடுக்காரப் பையன், எதிர்வரிசையில் நிற்பவனுடைய உதடுகள் "நான் பாத்துக்கிறேன், நான் பாத்துக்கிறேன்" என்று அசைவதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டே வேலை செய்கிறான். திடீரென்று மின்சாரம் நின்று, ஆயிரக்கணக்கான கதிர்களும் சுழற்சி தணிந்து, காது அடைத்துப்போகும்படியான நிசப்தம் கொட்டகையெங்கும் பரவுகிறது. அவசர விளக்கின் வெளிச்சத்தில் பத்தடி தூரத்தில் அந்த உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருக்கின்றன. குரல் மாத்திரம் வரவில்லை.

அந்தப் பத்தியை எழுதுவதற்காக நான் பேய்களைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. மின்சாரம் போனால் முதலில் எந்தச் சத்தம் அடங்கும், கதிர்கள் நிற்க எவ்வளவு நேரம் பிடிக்கும், மேஸ்திரி எந்தப் பக்கமிருந்து ஓடிவருவார் என்பவற்றையே, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். உலகத்துக் காரியங்களில் ஓர் அணுவும் பிசகாதிருந்தால்தான், உலகத்துக்கு அப்பாற்பட்ட அந்த ஒன்றை வாசகன் ஒப்புக்கொள்கிறான். 1943ல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை வாசிக்கிறவர்களுக்கு இது விளங்கும்: உறக்கம் வராத ஓர் எழுத்தாளனின் சாதாரண வீட்டுக்குள், கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே, நாசி வழியாகவே அமானுஷ்யம் நுழைந்துவிடுகிறது.

புத்தகம் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும். அட்டைக்கு, வழக்கம்போல வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக ஒரு பெண்ணின் படத்தை எழுதி அனுப்பியிருந்தார்கள். அது வேண்டாமென்று சொல்லிவிட்டேன். துர்மரணம் அடைந்த பெண்ணையே பேயாக்கி, உயிரோடிருந்தபோது அவளுக்கு இழைத்த அநீதியையும் மறந்து, அவளைக் கண்டே அஞ்சச் சொல்லும் பழக்கம் நம் பேய்க்கதைகளில் போதிய காலம் நீடித்துவிட்டது. அதை என் புத்தகத்தின் முகப்பில் நான் அனுமதிக்க முடியாது. பதிலாக ஒரு ரிங் ஃபிரேமின் படத்தை வரையக் கேட்டிருக்கிறேன். ஓவியர் ஒரு நூற்பாலையை நேரில் பார்க்க வேண்டுமென்கிறார். அடுத்த வாரம் இரவு ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் அவரை உள்ளே அழைத்துப்போக அனுமதி வாங்கியாகிவிட்டது.