தங்கவயலில் மிஞ்சிய மண்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் முதலில் கண்ணில் படுவது குன்றுபோல் நிற்கும் ‘சயனைடு மேடு’. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கையில் வளர்ந்த சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1902-லேயே இங்கே மின்சாரம் வந்துவிட்டது.

பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன ஏழைத் தமிழ்க் குடும்பங்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் இன்று விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் சொந்த ஊர் எதுவென்றால், ‘தங்கவயல்’ என்றுதான் சொல்கிறார்கள்.

மேட்டு மண்ணில் மட்கு இல்லை, ஈரம் நிற்காது. காற்றடித்தால் தூசி ஊருக்குள் பறக்கிறது.

உங்கள் பக்கம் சுரங்கமோ குவாரியோ வந்தால், கழிவை எங்கே கொட்டுவார்கள், மூடியபின் யார் சீர்செய்வார்கள் என்று கிராமசபையில் முதலிலேயே கேளுங்கள்.