கீபோர்டு பட்டனுக்குள் ஒரு பேராலயம்!

கோபாலபுரத்தில் ஒரு வீடு. புது கீபோர்டில் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்த பேத்தி கேட்டாள்: “தாத்தா, இதுல ‘சர்ச் ஆர்கன்’னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?”

தாத்தா பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கதீட்ரல் சாலைக்கு அழைத்துப் போனார். நடக்கிற தூரம்தான்.

அந்தச் சாலைக்குப் பெயர் தந்ததே அங்கிருக்கும் புனித ஜார்ஜ் பேராலயம். 1815-ல் கட்டப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உதயமானதும் இங்கேதான். உள்ளே இருக்கும் பைப் ஆர்கனைக் காட்டினார் தாத்தா.

“ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக்குழாய் இருக்கும்மா. கட்டையை அழுத்தினா குழாய்க்குள்ள காத்து போகும். நம்ம புல்லாங்குழல் மாதிரிதான்.”

“இதெல்லாம் யார் செய்வாங்க?”

கேள்வி சின்னது; பதில் நீளம். எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தின் ஆர்கன், 1883-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்யப்பட்டது. கருவி கடல் தாண்டி வந்தது. ஆனால், அதைச் செய்யும் தொழில் இங்கே பெரிதாக வேரூன்றவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் மரம் உப்பும், தோல் நைந்துபோகும். பழுது பார்க்கத் தெரிந்த கை இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய ஆர்கனும் ஊமைதான்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே சுமார் 50,000 ஆர்கன்கள், அவற்றைச் செய்யவும் செப்பனிடவும் 400 பட்டறைகள் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. தொழில் பழகும் இளைஞர்கள் 180 பேர். இந்தக் கைத்தொழிலையும் ஆர்கன் இசையையும் 2017-ல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ அங்கீகரித்தது.

“அப்போ நம்ம ஊர்ல காத்துல பாடுற பெட்டியே செய்யலையா தாத்தா?”

அவர் சிரித்தார். வீட்டுப் பரணிலிருந்து பழைய ஆர்மோனியப் பெட்டி இறங்கியது. இதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆனால், கொல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் துருத்தியை இயக்கி வாசிக்கும்படி மாற்றினார். செய்யும் வித்தை இங்கே வந்ததால், பஜனை மடம் முதல் நாடக மேடை வரை அது நம்முடையதாகிவிட்டது.

தாத்தாவின் பெட்டியில் துருத்தி கிழிந்திருந்தது. மறுநாள் மாலை இருவரும் ஆட்டோவில் கிளம்பினார்கள், மயிலாப்பூரில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்பவரைத் தேடி.

“அவர் எப்படிச் சரி பண்றார்னு நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலாமா தாத்தா?” என்றாள் பேத்தி.