பிள்ளைப்பேறும் பேசும்படமும்

பிள்ளைப்பேற்றைப் பற்றி ஆடவர் பேசுதல் அடக்கமன்று என்று நம்மவருள் பலர் இன்றும் எண்ணுகின்றனர். அன்னார் பொறுத்தருள்க. திருமணத்திற்கும் காதுகுத்துக்கும் படமெடுப்போர் பேறுகால அறைக்குள்ளும் வரத் தொடங்கிச் சில காலமாயிற்று. முதலில் நிழற்படம் மட்டும் எடுத்தவர்கள் இப்பொழுது வீடியோவும் எடுத்துத் தருகிறார்கள். கேட்பதற்கு இது சிறு மாறுதலே. ஆயினும் என் இல்லத்தில் இதைப் பற்றி இரண்டு வார காலம் வாதம் நடந்தது.

காலம் கெட்டுவிட்டது என்று பெருமூச்சு விடுவோர்க்கு ஒரு சொல். 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் 'லைப்' வார இதழ் குழந்தைப் பிறப்பைக் காட்டும் ஒரு படத்திலிருந்து சில காட்சிகளை அச்சிட்டது. பல நகரங்களில் அவ்விதழுக்குத் தடை விதித்தனர். பதிப்பாளர் ராய் லார்சன் நியூயார்க்கில் ஒரு பிரதியைத் தம் கையாலேயே விற்றுக் கைதாகி, பின்னர் விடுதலை பெற்றார். 1959-இல் ஸ்டான் பிராக்கேஜ் என்பார், தம் மனைவி ஜேன் முதற் குழந்தையை ஈன்றதை ஒரு சிறு படமாக்கி வெளியிட்டார். குழந்தை பிறந்தபின் ஜேன் தாமே கருவியை வாங்கித் தம் கணவரின் முகத்தைப் படம் பிடித்தார் என்பது அதில் எனக்கு மிகவும் உவப்பான செய்தி. 2013-இல் வெளிவந்த 'களிமண்ணு' என்னும் மலையாளப் படத்தில் நடிகை சுவேதா மேனனின் மெய்யான பிரசவமே இடம்பெற்றது. அதற்குக் கேரளத்தில் எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமன்று.

நிற்க. நிழற்படக்காரர் வீடியோவுக்குத் தாவியதற்குக் கருவியே முதற் காரணம். 2008-இல் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 ஆகியவை வந்தபின், நிழற்படம் எடுக்கும் அதே கருவியால் ஓடும் படமும் எடுக்க முடிந்தது. ஆனால் கருவி ஒன்றானதால் தொழிலும் ஒன்றாகிவிடவில்லை. நிழற்படக்காரர் மங்கிய வெளிச்சத்தில் விளக்கு மின்னாமல், ஓசை எழாமல், ஒரு மூலையில் நின்று தக்க கணத்தைப் பிடிப்பார். வேண்டாததை ஓரம் வெட்டிவிடலாம். வீடியோவோ எல்லாவற்றையும் வாரிக் கொள்கிறது. உயர்ந்த தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 45 ஜிகாபைட் சேர்கிறது. அதில் தாதியின் பேச்சு, மருத்துவரின் கட்டளை, தாயின் அலறல் யாவும் அடக்கம். மருத்துவமனைகள் சில வீடியோவைக் கண்டு அஞ்சுவதும் இதனால்தான். நாளை வழக்கென்று வந்தால் அது சாட்சியாய் நிற்குமன்றோ?

ஒலி என்றவுடன் என் தாயார் நகைத்தார். "நாங்க லயத்துல பெத்தப்ப நடுப்பலகை கூரை வரைக்கும் எட்டாது, தம்பி. நான் போட்ட சத்தம் பத்து வீட்டுக்கும் கேட்டுச்சு. இதுக்கு மிஷின் வேறயா?" என்றார்.

அச்சொற்கள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. தீட்டென்று சொல்லித் தாயை ஒதுக்கி வைத்த நம் சமூகம், அவள் வேதனையை மறைத்துவிட்டதாகப் பாவனை செய்தது. உண்மையில் லயம் முழுவதும் அதைக் கேட்டது. ஆடவர் திண்ணையில் வெற்றிலை மென்றபடி கேளாதவர் போல் இருந்தனர், அவ்வளவே. மறுநாள் கிராணியின் பேரேட்டில் ஒரு தேதி ஏறியிருக்கும்.

அதே பேரேட்டு வேலைதான் இன்று எனக்கும். நம் நாட்டில் 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. அவ்விடுப்புத் தாள்களை நிரப்பும்பொழுது ஒரு தேதியை எழுதுகிறேன். அத்தேதிக்குப் பின்னால் பன்னிரண்டு மணி நேரமோ, இருபது மணி நேரமோ ஒருத்தி பட்ட பாடு இருக்கிறது. நிழற்படம் அதில் ஒரு கணத்தைக் காட்டும். அந்த நேரத்தின் நீளத்தைக் காட்டுவதற்கு வீடியோ வேண்டும். ஆகையால் நான் வீடியோவின் பக்கமே பேசினேன். கணவன்மார் அதைப் பார்க்கட்டும் என்பது என் கட்சி.

என் மனைவி ஒப்பவில்லை. "அம்மா சத்தம் போட்டதைப் பத்து வீடு கேட்டது. அவர்களை யாரும் கேட்டுக்கொண்டு கேட்கவில்லை. என் சத்தத்தை யார் கேட்க வேண்டுமென்று நான்தான் சொல்ல வேண்டும். நீங்கள்கூட இல்லை," என்றாள்.

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. திருமண வீடியோவை விருந்தினர்க்குப் போட்டுக் காட்டுவது போல் இதையும் கூடத்தில் ஓட்டும் வீடுகள் உண்டாகத்தான் போகின்றன. பின்னணியில் சினிமாப் பாட்டு வேறு சேர்ப்பார்கள்! அலறலை அழித்துவிட்டுப் புல்லாங்குழலை ஏற்றினால், அது பழைய திண்ணைப் பாவனையே அன்றி வேறென்ன?

பட்டணத்துப் படப்பிடிப்பாளர் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிவர, என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். படங்களைத் தம் தொழில் விளம்பரத்திற்கு அவர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒன்பதாவது விதியில் இருந்தது. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளே அதை அடித்தாள். மூலப்பதிவு முழுவதும் அவள் கைக்கே வரவேண்டும், ஒலியை நீக்கவோ இசை சேர்க்கவோ கூடாது, பிரசவ நேரத்தில் அவள் கை உயர்த்தினால் கருவி நிற்கவேண்டும் என்று மூன்று வரிகள் சேர்க்கச் சொன்னாள். அடித்த விதிக்காகக் கொடுத்திருந்த கழிவை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். கூடுதல் பணத்தை நான் கட்டினேன்.

மருத்துவமனைக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். தாதியர் சம்மதமும் தனித்தனியே வேண்டுமாம். மாதம் ஒன்று இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.