விதி என்று சொல்லலாமா?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்குப் பால் வருகிற நேரம் தவறினாலும் தவறும். பூக்காரம்மா வருகிற நேரம் தவறாது. மாலை ஐந்தரை மணிக்குக் கூடையும் கையுமாக வந்து, "அம்மா, பூவு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். மாதம் பிறந்ததும் முன்பணம் வாங்கிக் கொண்டு விடுவாள். "உன் முழம் நாளுக்கு நாள் குட்டையாகிறதே!" என்று நான் கேலி செய்தால், "இந்தா தாயி!" என்று சிரித்துக் கொண்டே இன்னும் நாலு கண்ணி சேர்த்துக் கொடுப்பாள்.

2023-ம் வருஷம் வரலட்சுமி நோன்பு ஆகஸ்டு 25-ந் தேதி வந்தது. சாயங்காலம் நான் மாடியில் உலர்ந்த துணிகளை எடுத்துக் கொண்டிருந்தேன். கீழே பூக்காரம்மா எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டினாற்போல் கூடையை இறக்கி வைத்துக் கொண்டிருந்தாள். நடுத் தெருவில் அல்ல, ஓரத்தில்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

தெரு முனையில் ஒரு கார் திரும்பியது. எதிர் வீட்டுக் கார். ஓட்டியவன் அந்த வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறான், வயது பதினேழு. வந்த வேகத்தில் திருப்பத்தை அவனால் சமாளிக்க முடியவில்லை. பிறகு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. நான் கீழே ஓடி வந்தபோது மல்லிகையெல்லாம் தெருவில் கிடந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் பையனை இரண்டு அறை அறைந்தார். இன்னொருவர் செல்போனில் படம் எடுத்தார். கீழே கிடந்தவளைத் தூக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. "போலீஸ் கேஸ், நமக்கு எதுக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. பத்து நிமிஷம் கழித்து அந்தப் பக்கமாக வந்த ஆட்டோக்காரர் ஒருவர்தான் அவளை அள்ளிப் போட்டுக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று இரவே அவள் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து எதிர் வீட்டில் ஒரே கூட்டம். பையன் பித்துப் பிடித்தவன் போல் உட்கார்ந்திருந்தான். பழம் வாங்கிக் கொண்டு சிலர் போனார்கள். நானும் ரசம் சாதம் பிசைந்து எடுத்துக் கொண்டு போனேன். "ஏதோ உங்களுக்குப் போறாத காலம்" என்றார் ஒருவர். "அவளுக்கு விதி முடிஞ்சுடுத்து. இவன் வெறும் கருவி" என்றார் இன்னொருவர். நானும் தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் எதிர் வீட்டு மாமி என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய், மெதுவான குரலில் கேட்டாள்: "டிரைவர்தான் ஓட்டினான்னு சொல்லியிருக்கு. அவன் ஒத்துண்டுட்டான். பூக்காரி நடு ரோட்டிலே வந்துட்டாள்னும் சொல்லியிருக்கு. நீங்க ஒண்ணும் பார்க்கலையே, மாமி?"

இருபது வருஷத்துச் சிநேகிதம். என் பெண்ணின் கல்யாணத்துக்குத் தன் நகையைக் கொடுத்து உதவியவள். "நான் உள்ளே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாள் ஆயிற்று. ஒரு சாயங்காலம், அதே ஐந்தரை மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பூக்காரம்மாவின் மகள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கையில் வாழை இலையில் கட்டிய பூப் பொட்டலம்.

"அம்மா மாசப் பணம் வாங்கியிருந்தாங்களே. ஆறு நாள் பூ பாக்கி இருக்குது. இன்னையிலேருந்து ஆறு நாளைக்கு நான் கொண்டாரேன், அம்மா."

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள் அவளிடம் பூ வாங்கின. ரெயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பத்து நிமிஷ நடையில் இருந்த அவள் வீட்டுக்கு எங்களில் ஒருவர் கூடப் போகவில்லை. பழமும் ரசம் சாதமும் போனது எதிர் வீட்டுக்கு. செத்தவளின் மகளோ, ஆறு முழம் பூவுக்குக் கணக்குத் தீர்க்க வந்து நிற்கிறாள். நான் தீர்க்க வேண்டிய கணக்கு?

அன்று இரவு என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கோர்ட்டு, கேஸுன்னு அலையணும். எதிர் வீட்டுக்காரா முகத்திலே எப்படி முழிப்பே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. காலையில் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டபோது, ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக் கொண்டு அவரும் கூட வந்தார். ஓட்டியது யார், அவள் நின்றது எங்கே என்ற இரண்டே விஷயங்களைச் சொன்னேன். முதலில் பொய் சொன்னதையும் சொன்னேன். எழுதிக் கொண்டார்கள். வழக்கு நடக்கிறது, அதன் முடிவு நீதிபதியின் பொறுப்பு.

ஆனால் எல்லாவற்றையும் நீதிபதியின் தலையில் கட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக் கொள்ளலாமா? 2022-ம் வருஷத்தில் நம் தேசத்தில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல்! இவர்களில் பத்துக்கு ஏழு பேர் மாண்டது அதிக வேகத்தினால் என்கிறது சர்க்கார் கணக்கு. இத்தனை பேருக்குமா விதி ஒரே மாதிரி எழுதியிருக்கும்? காலை அழுத்தியவன் ஒருவன் இருக்க, பிரம்மாவின் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

சட்டம் தூங்கவில்லை. அஜாக்கிரதையால் உயிரைப் போக்கினால் முன்பு அதிகபட்சம் இரண்டு வருஷச் சிறை. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது ஐந்து வருஷமாகியிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை காரை ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ காரின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சும் கிடையாது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் 'உள்ளே இருந்தேன்' என்றால் சட்டம் என்ன செய்யும்?

அடிபட்டவரைத் தூக்கவும் பயப்பட வேண்டியதில்லை. உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, பெயரும் விலாசமும் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. பிறகு அது சட்டத்திலும் ஏறிவிட்டது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதற்கென்று குறித்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நாம் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தை வீணாக்கிய எங்கள் தெரு இதையெல்லாம் அறிந்திருக்கவில்லை. நீங்களாவது அறிந்து கொள்ளுங்கள்.

பையனை அடித்ததை நான் ஒப்பவில்லை. அடித்தவர் ஆத்திரம் தீர்ந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவரேதான் பழம் வாங்கி வந்தார். செத்தவள் வீட்டாருக்கு ஏதோ கொடுத்து வாயை மூடச் சொல்வதையும் நான் ஒப்பவில்லை. நஷ்டஈடு அவர்கள் விபத்து வழக்குத் தீர்ப்பாயத்தில் உரிமையோடு கேட்டு வாங்க வேண்டியது, பிச்சை அல்ல. நம்மால் ஆகக் கூடியது எளிய காரியந்தான்: இழவு விழுந்த வீட்டுக்கு முதலில் போவது, கண்டதைக் கண்டபடி சொல்வது, மீசை அரும்பாத பிள்ளை காரை ஓட்டும்போது "என்ன சாமர்த்தியம்!" என்று மெச்சாமல் இருப்பது. அந்தப் பையன் ஓட்டியதை முன்பே இரண்டு தடவை பார்த்து மெச்சியவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு வருஷம் எதிர் வீட்டு மாமி என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் நோன்பு வந்தது. அன்று மாலை, அழைக்காமலே தாம்பூலத்துக்கு வந்து நின்றாள். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சாவியை நான்தான் எடுத்துக் குடுத்தேன், மாமி. எல்லாரும் விதி விதின்னா. கேட்கக் கேட்க எனக்கும் அவனுக்கும் தூக்கமே போயிடுத்து. நீங்க சாட்சி சொன்னேள்னு தெரிஞ்ச அன்னிக்கு உங்களைச் சபிச்சேன். ஆனா அன்னி ராத்திரிதான் அவன் முதல் தடவையா வாய்விட்டு அழுதான்."

நான் தாம்பூலத்தையும் பூவையும் அவள் கையில் வைத்தேன். பூக்காரம்மாவின் மகள் கட்டிய பூ. இப்போது அவள்தான் எங்கள் தெருவுக்குப் பூக் கொண்டு வருகிறாள். மாமி அதையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பொண்ணோட வீட்டைக் காட்டறேளா?"

இரண்டு பேரும் நடந்தே போனோம். பத்து நிமிஷ தூரந்தான். அதைக் கடக்க எங்கள் தெருவுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.