ஆளுக்கு ஆறாயிரம்

எங்கட பெடலுக்குச் சொந்தக்காரர் ஐந்து பேர். அதில் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்ற மூன்று பேரும் ஏன் காசு போட்டார்கள் என்று இப்ப கேட்டால் ஒருத்தருக்கும் ஒழுங்கான பதில் இல்லை.

2022 ஏப்ரல். ஏ.எல். எழுதி முடிந்திருந்தது. உவர்மலையில் ஒரு வீட்டின் பின்னறையில் குந்தியிருந்து பாட்டுப் பழகுவதும், பெற்றோல் வரிசையில் அப்பாமாருக்குப் பதிலாக நிற்பதும்தான் வேலை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் ஏறத் தொடங்கியிருந்தது, மே நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. "இப்ப வாங்காட்டி இனி இந்தச் சென்மத்தில வாங்க ஏலாது மச்சான்" என்று ட்ரம்ஸ் அடிக்கிறவன்தான் முதலில் சொன்னான். கொழும்பில் ஒரு அண்ணா பாவித்த பெடல் ஒன்றை பேஸ்புக்கில் விற்கப் போட்டிருந்தார். பொஸ் ஆர்.வி.-6, ரிவேர்ப் பெடல், முப்பதாயிரம். ஆளுக்கு ஆறாயிரம். இரவு ரெயினில் வந்த தெரிந்தவர் ஒருவர் பழைய சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். 129 மில்லிமீற்றர் நீளம், 73 அகலம். ஒரு பக்கெட் பிஸ்கட்டை விடப் பெரிசில்லை. "இதுக்கா முப்பதாயிரம்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நாங்கள் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரிவேர்ப் என்றால் எதிரொலி இல்லை. எதிரொலியில் போன சத்தம் தனியாகத் திரும்பி வரும். ரிவேர்ப்பில் ஆயிரம் எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எது எது என்று பிரிக்க முடியாமல், வாசித்து நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். சத்தம் செக்கனுக்கு 340 மீற்றரளவில் ஓடும். பதினேழு மீற்றர் தள்ளியிருக்கிற சுவரில் பட்டுத் திரும்பிவர செக்கனில் பத்திலொரு பங்கு. கூரை, தரை, தூண் என்று எல்லாவற்றிலும் பட்டு வெவ்வேறு நேரத்தில் வருகிறதை எங்கட காது "இது பெரிய இடம்" என்று விளங்கிக்கொள்கிறது.

எங்கட அறை சின்ன இடம். மெத்தை மூன்று, காயப்போட்ட உடுப்பு, அரிசி மூட்டை. கிட்டாரை வாசித்தால் பலகையில் ஆணி அறைகிற மாதிரி இருக்கும். டச்சுக் குடாக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் அதைவிட மோசம். கடலுக்குச் சுவர் இல்லையே, போன சத்தம் போனதுதான்.

இந்தப் பெரிய இடத்தைப் பெட்டிக்குள் அடைக்க ஆக்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1957இல் ஜேர்மனியில் ஈ.எம்.டி. 140 என்று ஒன்று வந்தது. இரண்டு மீற்றர் நீள இரும்புத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைப்பார்கள், மொத்தப் பாரம் 270 கிலோ அளவில். 1961இல் பெண்டர் கம்பிச் சுருள்களைப் பெட்டிக்குள் இழுத்துக் கட்டியது. அதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்தில் மன்பிரெட் ஷ்ரோடர், சத்தத்தைக் கணக்காக மாற்றி, அதைத் தாமதப்படுத்தித் தாமதப்படுத்தித் திருப்பி ஊட்டினால் இடமே தேவையில்லை என்று காட்டினார். எங்கட பெடலுக்குள் இருக்கிறது அந்த வழியில் வந்த கணக்குத்தான். ஒரு குமிழைத் திருப்பினால் தகடு, இன்னொரு பக்கம் திருப்பினால் கம்பிச் சுருள், பிறகு மண்டபம், அறை. ஷிம்மர் என்று ஒன்று இருக்கிறது, ஒரு ஸ்தாயி மேலே தேவதூதர் பாடுகிற மாதிரி இழுக்கும். முதல் மூன்று மாதமும் நாங்கள் ஷிம்மரை விட்டு இறங்கவேயில்லை. இப்ப அந்த ரெக்கோர்டிங்குகளைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

பெடல் வந்த புதிதில் கரண்ட் இருக்கவில்லை. மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்களே, அது கொஞ்சம் குறைந்திருந்தாலும் அம்ப் அனேகமாகச் செத்துத்தான் கிடந்தது. ஆனால் பெடல் 9 வோல்ட் பற்றரியில் ஓடும். அதன் பக்கவாட்டில் ஹெட்போனைச் செருகினால் ஒரு காதில் மட்டும், கொசு பாடுகிற அளவில், பெரிய மண்டபம் ஒன்று கேட்கும். ஐந்து பேரும் மாறி மாறிக் கேட்டோம். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் கேட்க மற்ற மூன்று பேர் கேட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. கிட்டார் தெரியாத மூன்று பேரும் காசு போட்டதற்கு ஏதும் காரணம் இருந்தால் அந்த இரவுகள்தான்.

எங்களில் ஒருத்தி தேவாலயக் கொயரில் பாடுகிறவள். அவளின் தயவில் ஒரு சனிக்கிழமை ஆளில்லாத கோயிலில் பழகக் கிடைத்தது. பெடல் இல்லாமலே சத்தம் நின்றது. கொயரை நடத்துகிற ஐயாதான் பெடலை நிற்பாட்டச் சொன்னவர். "தம்பியவை, வாசிக்கிற பிழையெல்லாத்தையும் தண்ணியில கரைச்சு விடுறியள். ஒருக்கா காய்ஞ்சதா வாசியுங்கோ பாப்பம்." வாசித்தோம். நாலு கோர்ட் மாற்றத்தில் மூன்று பிழை. அடுத்த நாள் பூசையில் அதே கோயிலில் சனம் நிறைந்திருக்க, முதல்நாள் இருந்த முழக்கம் பாதிகூட இல்லை. உடம்பும் உடுப்பும் குடித்துவிட்டது. 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் விரிவுரையாளரிடம், சொன்ன சொல் ஐந்தரை செக்கன் நிற்கிற ஒரு மண்டபத்தைத் திருத்தித் தரச் சொன்னார்களாம். அவர் இரவிரவாகப் பக்கத்துத் தியேட்டரின் கதிரை மெத்தைகளைக் காவிவந்து வைத்து அளந்துதான் இதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எங்கட அறையின் மெத்தைகளில் எங்களுக்கு ஒரு மரியாதை வந்தது.

இப்ப நாங்கள் மூன்று பேர் வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். லீவு முடிந்து போகும்போது பஸ் சீனக்குடாவைத் தாண்டும். அங்கே காட்டுக்குள்தான் பிரிட்டிஷ்காரர் தங்கட கடற்படைக்குக் கட்டிய எண்ணெய்க் குதங்கள். தொண்ணூற்றொன்பது. ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் அளவில் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரர் திருகோணமலையில் குண்டு போட்டபோது எரிந்துபோன ஒன்றின் மிச்சமும் அங்கேதான். ஸ்கொட்லாந்தில் இஞ்சின்டவுன் என்ற இடத்தில் அதே கடற்படைக்கு மலைக்குள் குடைந்த எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. ட்ரெவர் கொக்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் அதற்குள் போய் வெற்றுத் தோட்டா சுட்டு அளந்தார். தாழ்ந்த சுருதியில் 112 செக்கன். உலக சாதனை என்று 2014இல் கின்னஸில் போட்டார்கள். எங்கட பெடலில் டைம் குமிழை முழுக்கத் திருப்பினாலும் அதற்குக் கிட்டவும் போகாது.

சீனக்குடாவில் இருக்கிறவை இரும்பு, நிலத்துக்கு மேலே நிற்பவை, அதனால் சத்தம் வேறு மாதிரித்தான் இருக்கும். ஆனால் வெறுமையாகக் கிடக்கிற ஒன்றுக்குள் ஒரு கிட்டாரோடு பத்து நிமிசம் விட்டால் போதும் என்று ஒவ்வொரு முறையும் பஸ்ஸுக்குள் இருந்து கதைப்போம். 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டு பேருக்கும் பொதுவாக என்று பிரித்தார்கள். ஊருக்கு என்று ஒன்றும் இல்லை. கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்ட்டில் கடற்படை. சத்தம் நிற்கக்கூடிய பெரிய இடமெல்லாம் வேலிக்கு உள்ளே இருக்கிற ஊரில் நாங்கள் முப்பதாயிரத்துக்கு ஒரு பொய் மண்டபம் வாங்கியிருக்கிறோம்.

2023இல் ட்ரம்ஸ் அடிக்கிறவன் கட்டாருக்குப் போக வெளிக்கிட்டான். ஏஜென்சிக்குக் காசு காணாது. ஒருநாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "என்ர பங்கைத் தர ஏலுமாடா?" என்று கேட்டான். பெடலை விற்போமா என்றுகூடக் கதைத்தோம். கடைசியில் நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு 1,500 சேர்த்து ஆறாயிரம் கொடுத்தோம். பெரிய மனது காட்டிவிட்டோம் என்ற நினைப்பும் வந்தது. அவன் எண்ணிப் பார்க்காமல் பொக்கற்றுக்குள் வைத்தான்.

அவன் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் பார்த்தோம், அதே பெடல், அதே மாதிரிப் பாவித்தது, 45,000க்குப் போகிறது. அப்படியென்றால் அவன்ர பங்கு ஒன்பதாயிரம். அது அவனுக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். பெடல் விலைகளை எங்களுக்குப் பார்த்துச் சொல்கிறவனே அவன்தான். ஒன்றும் கேட்கவில்லை.

போன கிழமை டோஹாவில் இருந்து ஒரு வொய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். அவன் தங்கியிருக்கிற கட்டடத்தின் நிலக்கீழ்க் கார் பார்க்கில் ஒருதரம் கைதட்டிய சத்தம், அவ்வளவுதான். மூன்று செக்கனாவது நிற்கிறது. கீழே "மண்டபம், டைம் முக்கால்வாசி" என்று எழுதியிருந்தான்.

அவனுக்கு மூவாயிரம் அனுப்புவதென்று முடிவெடுத்திருக்கிறோம். ஆளுக்கு 750. இன்னும் இரண்டு பேர் தர இருக்கிறது.